போக்கர்: முதல் இரண்டு சீட்டிலேயே எங்கே தவறுகிறோம்? அறிகுறி வாரியாகத் திருத்தும் வழி

போக்கரில் தோற்ற ஒரு கையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கடைசிச் சீட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம். ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டில், எட்டு விழுந்தது, எதிராளிக்கு ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு) கூடிவிட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நானும் வெகுநாள் அப்படித்தான் கணக்குப் பார்த்தேன். பிறகு ஆடிய ஒவ்வொரு கையையும் ஒரு நோட்டில் எழுதி, முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் படித்தபோது வேறு படம் கிடைத்தது. ரிவரில் வெளியே தெரிந்த இழப்புகளில் பெரும்பாலானவை, மேசையில் ஒரு பொதுச் சீட்டும் விழாத நேரத்தில் நான் எடுத்த முடிவிலேயே வேர் விட்டிருந்தன.

ஒரு தொடக்கக் கையின் மதிப்பு அந்த இரண்டு சீட்டில் மட்டும் இல்லை. நீங்கள் எந்த இருக்கையில் இருக்கிறீர்கள், உங்களுக்கு முன் யார் என்ன செய்தார், இருவரிடமும் எவ்வளவு சிப்ஸ் (பந்தய வில்லைகள்) மிச்சம் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் அதன் விலையைத் தீர்மானிக்கின்றன. கீழே சொல்லும் ஒவ்வொரு கோளாறும் இந்த மூன்றில் ஒன்றைப் பார்க்கத் தவறியதால் வருவது.

இங்கே பேசுவது நோ லிமிட் டெக்சஸ் ஹோல்டெம் பற்றி. ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதல் மூன்றும் சேர்ந்து ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். வேறு எண்ணிக்கை சொல்லாத இடங்களில் ஒன்பது பேர் அமர்ந்த மேசை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேசை நடுவில் சேரும் சிப்ஸைக் குவியல் என்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது

நினைவை நம்பி எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது. பெரிய தோல்விகள் நினைவில் நிற்கும். நாற்பது சிறிய கசிவுகள் நிற்காது. குறைந்தது 200 கைகளுக்கு இந்த நான்கை மட்டும் எழுதுங்கள்: எந்த இருக்கை, எந்த இரண்டு சீட்டு, உங்களுக்கு முன் நடந்தது என்ன, நீங்கள் செய்தது என்ன. சிப்ஸை எப்போதும் பிக் பிளைண்ட் கணக்கில் எழுதுங்கள். சீட்டைப் பார்க்குமுன்பே இரண்டு இருக்கைகள் கட்டாயமாகப் போடும் தொகைகளில் பெரியது பிக் பிளைண்ட்; அதில் பாதி ஸ்மால் பிளைண்ட்.

ஓர் அடிப்படைக் கணக்கும் வேண்டும். 52 சீட்டில் இரண்டு சீட்டு சேரும் வழிகள் 1,326. ஒரு குறிப்பிட்ட ஜோடி, உதாரணமாக ஏஸ்-ஏஸ், 6 வழிகளில் வரும். ஏஸ்-கிங் ஒரே சின்னத்தில் 4 வழிகளிலும், வெவ்வேறு சின்னத்தில் 12 வழிகளிலும் வரும். இந்த 6, 4, 12 மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் எதிராளி கையில் என்ன இருக்கலாம் என்பதை விரல் விட்டு எண்ணலாம்.

அறிகுறி: பெரிய தோல்வி எதுவும் நினைவில்லை, ஆனாலும் சிப்ஸ் கரைகிறது

மிகவும் பரவலான கோளாறு இதுதான். நோட்டை எடுத்து, நீங்களாக விரும்பிச் சிப்ஸ் போட்ட கைகளை எண்ணுங்கள். பிக் பிளைண்டில் சும்மா செக் செய்து (மேற்கொண்டு எதுவும் போடாமல்) ஃப்ளாப் பார்த்தவற்றைச் சேர்க்க வேண்டாம். ஒன்பது பேர் மேசையில் அந்த எண்ணிக்கை 100 கைக்கு 25ஐத் தாண்டினால், காரணம் கிடைத்துவிட்டது: தேவைக்கு மேல் கைகளை ஆடுகிறீர்கள்.

அடுத்து, அந்தக் கைகளில் எத்தனையில் நீங்கள் லிம்ப் செய்தீர்கள் என்று பாருங்கள். அதாவது ரைஸ் செய்யாமல் (தொகையை உயர்த்தாமல்) பிக் பிளைண்ட் அளவை மட்டும் போட்டு நுழைந்தது. "மலிவாக ஃப்ளாப் பார்க்கலாம்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் நியாயம். ஆனால் லிம்ப் செய்தவருக்கு அந்த இடத்திலேயே குவியலை வெல்லும் வாய்ப்பு இல்லை. பிக் பிளைண்டில் இருப்பவர் எந்தக் குப்பையோடும் இலவசமாக உள்ளே வருகிறார். பின்னால் ஒருவர் ரைஸ் செய்தால் போட்டதை விட்டு எழ வேண்டும், அல்லது இன்னும் கொட்ட வேண்டும். ஒரு கையில் ஒரு பிக் பிளைண்ட் போவது கண்ணில் படாது. ஒரு மாலையில் முப்பது முறை போனால் படும்.

திருத்தம் எளிது. உங்களுக்கு முன் எல்லோரும் ஃபோல்ட் செய்திருந்தால் (கையை விட்டுவிட்டிருந்தால்) இரண்டே வழிகள்: இரண்டரை முதல் மூன்று பிக் பிளைண்ட் வரை ரைஸ், அல்லது ஃபோல்ட்.

எந்தக் கையோடு ரைஸ் என்பதை இருக்கைதான் சொல்ல வேண்டும். பிக் பிளைண்டுக்கு அடுத்த முதல் இருக்கையில் உங்களுக்குப் பின் எட்டுப் பேர் முடிவெடுக்கக் காத்திருக்கிறார்கள். ஒருவருக்கு மிக உயர்ந்த 5 சதவீதக் கைகளில் ஒன்று வர 20க்கு 1 வாய்ப்பு. எட்டுப் பேரில் ஒருவரிடமாவது அது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 34 சதவீதம். பட்டனில், அதாவது ஸ்மால் பிளைண்டுக்கு முந்தைய இருக்கையில், இருந்தால் பின்னால் இரண்டு பிளைண்டுகள் மட்டுமே. அதே வாய்ப்பு 10 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். இதற்கு மேல், ஃப்ளாப்புக்குப் பிறகு பட்டனில் இருப்பவர் எல்லோர் செய்கையையும் பார்த்துவிட்டுக் கடைசியாக முடிவெடுக்கிறார். ஒரே சீட்டுக்கு இரண்டு இருக்கைகளில் இரண்டு விலை இருப்பது இதனால்தான்.

கற்றுக்கொள்பவருக்கு முதல் இருக்கையில் நான் தரும் பட்டியல் இது: 7-7 முதல் மேலே எல்லா ஜோடிகளும், ஒரே சின்னத்தில் ஏஸ்-பத்து முதல் ஏஸ்-கிங் வரை, ஒரே சின்னத்தில் கிங்-குயின், கிங்-ஜாக், குயின்-ஜாக், ஜாக்-பத்து, வெவ்வேறு சின்னமானால் ஏஸ்-கிங், ஏஸ்-குயின் மட்டும். கூட்டினால் 104 வழிகள், ஏறத்தாழ 8 சதவீதம். கொஞ்சம் இறுக்கமான பட்டியல்தான். தெரிந்தே இறுக்கியிருக்கிறேன், ஏனெனில் முதல் இருக்கையில் செய்யும் தவறுக்குக் கை முடியும்வரை விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

பட்டனில் எல்லா ஜோடிகளும், எந்த ஏஸும், பத்துக்குக் குறையாத எந்த இரண்டு சீட்டும், ஒரே சின்னத்தில் 5-4 முதல் 10-9 வரை அடுத்தடுத்த சீட்டுகளும் என்று விரித்தால் 390 வழிகள், 29 சதவீதம் வரும். பழகியவர்கள் 40 சதவீதத்தையும் தாண்டுவார்கள். நடு இருக்கைகளை இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே படிப்படியாக விரித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஃப்ளாப்பில் நல்ல ஜோடி அமைகிறது, ஆனால் கடைசியில் தோற்கிறேன்

இதைப் பற்றி அதிகம் எழுதப்போகிறேன், ஏனெனில் என் நோட்டில் அதிகச் சிப்ஸைத் தின்றது இதுதான்.

ஒரு கையை அப்படியே தருகிறேன். முதல் இருக்கையில் இருந்தவர், அதிகம் கை ஆடாத நிதானமான ஆட்டக்காரர், மூன்று பிக் பிளைண்டுக்கு ரைஸ் செய்தார். நான் நடு இருக்கையில் ஸ்பேடு ஏஸ், ஹார்ட் ஒன்பது வைத்திருந்தேன். ஏஸ் இருக்கிறதே என்று கால் செய்தேன், அதாவது அவர் போட்ட அளவை நானும் போட்டேன். மற்றவர்கள் ஃபோல்ட். ஃப்ளாப்பில் ஏஸ், ஏழு, இரண்டு. நான் வேண்டியது விழுந்தது. அவர் ஐந்து பந்தயம் கட்டினார், கால். டர்னில் நான்கு விழ, பதினொன்று கட்டினார், கால். ரிவரில் ஜாக் விழ, இருபத்து நான்கு கட்டினார். "ஏஸ் ஜோடியை எப்படி விடுவது" என்று கால் செய்தேன். ஏஸ்-குயின் காட்டினார். மொத்தம் 43 பிக் பிளைண்ட் போயிற்று.

அன்று ரிவரில் கால் செய்ததைத்தான் தவறு என்று எழுதி வைத்தேன். பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மேலே சொன்ன 104 வழிப் பட்டியலோடுதான் அவர் ரைஸ் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என் கையில் ஓர் ஏஸும் ஓர் ஒன்பதும் இருப்பதால் அவருக்கு மிஞ்சுவது 88 வழிகள். அதில் ஏஸ்-கிங் 12, ஏஸ்-குயின் 12, ஒரே சின்ன ஏஸ்-ஜாக் 3, ஏஸ்-பத்து 3. ஏஸ்-ஏஸ் 3, கிங் முதல் பத்து வரை ஜோடிகள் 24, ஒன்பது ஜோடி 3, எட்டும் ஏழும் 12. மீதி 16 வழிகள் கிங்-குயின், ஜாக்-பத்து போன்றவை.

என் ஏஸ்-ஒன்பது அந்த நொடியில் முந்தியிருப்பது கடைசியில் சொன்ன 16 வழிகளை மட்டுமே. அவர் வைத்திருக்கக்கூடிய ஏஸ்களில் என்னுடையதைவிடச் சிறிய ஏஸ் ஒன்றுகூட இல்லை. அதாவது நான் வேண்டிக்கொண்ட ஏஸ் விழுந்தால், அவரிடமும் ஏஸ் இருக்கும்போது பெரிய குவியலைத் தோற்பேன். அவரிடம் ஏஸ் இல்லாதபோது அவர் ஃபோல்ட் செய்துவிட, சிறிய குவியலை வெல்வேன். கோளாறு மூன்று பிக் பிளைண்ட் போட்ட அந்தக் காலிலேயே இருந்தது.

ஒரே உயர்ந்த சீட்டைப் பகிர்ந்துகொண்டு, துணைச் சீட்டு சிறியதாக அமைவதைத்தான் கைக்குக் கை அடங்கிப்போவது என்கிறோம். ஏஸ்-கிங்குக்கு எதிரே ஏஸ்-ஒன்பது நான்கில் ஏறத்தாழ மூன்று முறை தோற்கும். அதே ஏஸ்-கிங்குக்கு எதிரே ஒரே சின்ன 8-7 நூறில் நாற்பது முறை வெல்லும். பார்வைக்கு ஏழை போலிருக்கும் 8-7, ஏஸ்-ஒன்பதைவிட நல்ல நிலையில் இருப்பதற்குக் காரணம் அதன் இரண்டு சீட்டும் எதிராளியின் சீட்டோடு மோதாமல் இருப்பதுதான்.

உங்கள் நோட்டில் சோதிக்க: ரைஸுக்குப் பின் கால் செய்து, ஃப்ளாப்பில் உயர்ந்த ஜோடி அமைந்தும் தோற்ற கைகளைத் தனியாக எடுங்கள். கையில் ஏஸ்-பத்து, ஏஸ்-ஒன்பது, கிங்-ஜாக், கிங்-பத்து, குயின்-பத்து திரும்பத் திரும்ப வந்தால் இதே கோளாறுதான்.

திருத்தம்: ஒருவர் ரைஸ் செய்த பிறகு கால் செய்ய, நீங்களே முதலில் ரைஸ் செய்யத் தேவைப்படும் கையைவிட வலுவான கை வேண்டும். போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி இதை "இடைவெளி" என்ற பெயரில் விளக்கினார். அவர் ரைஸ் செய்ததே ஒரு செய்தி. அந்தச் செய்தி வருமுன் இருந்த விலை இப்போது செல்லாது. ரைஸ் முதல் இருக்கையிலிருந்து வந்தால் இடைவெளி பெரிது. பட்டனிலிருந்து வந்தால் சிறிது, ஏனெனில் பட்டனில் அவரும் ஏஸ்-ஐந்தோடு ரைஸ் செய்பவர்தான். அங்கே ஏஸ்-ஒன்பது மறுபடி தலை நிமிர்கிறது.

நடு இருக்கையில் வெறும் கால் செய்வதற்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. உங்களுக்குப் பின் இருப்பவர் மறுபடி ரைஸ் செய்தால், இரண்டு பேருக்கு நடுவில் நசுங்குகிறீர்கள். அதனால் இந்த இருக்கைகளில் பெரும்பாலும் மறு ரைஸ் அல்லது ஃபோல்ட் என்று வைத்துக்கொள்வது நல்லது. குயின்-குயின், கிங்-கிங், ஏஸ்-ஏஸ், ஏஸ்-கிங் என்றால் 34 வழிகள். மறு ரைஸுக்கு இது போதுமான தொடக்கம். ஃப்ளாப்புக்குப் பிறகு அவருக்குப் பின்னால் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால் அவர் ரைஸைப்போல் மூன்று மடங்கு, முன்னால் முடிவெடுக்க வேண்டியிருந்தால் நான்கு மடங்கு போடுங்கள்.

அறிகுறி: சிறிய ஜோடிகளில் எப்போதும் நஷ்டம்

2-2 முதல் 6-6 வரை. ஃப்ளாப்பில் அதே எண்ணில் மூன்றாவது சீட்டு விழ வேண்டும் என்று கால் செய்கிறீர்கள். அது விழுவதே இல்லை என்று தோன்றுகிறது. விழும் வாய்ப்பு 11.8 சதவீதம், அதாவது எட்டரை முறைக்கு ஒரு முறை. தொடர்ந்து பதினைந்து முறை விழாமல் போவதும் சாதாரணம்தான். அதனால் "விழவில்லை" என்பதை விட்டுவிட்டு, விழும்போது எவ்வளவு கிடைக்கிறது என்று பாருங்கள்.

மூன்று பிக் பிளைண்ட் கால் என்று வையுங்கள். ஒரு முறை விழுவதற்கு ஏழரை முறை விழாமல் போகும்; செலவு 22.5 பிக் பிளைண்ட். விழுந்த அந்த ஒரு முறையில் சராசரியாக இதற்கு மேல் கிடைத்தால்தான் லாபம். ஆனால் விழுந்த ஒவ்வொரு முறையும் எதிராளி தன் சிப்ஸ் முழுவதையும் தரப்போவதில்லை. பல முறை அவர் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் கால் செய்யும் தொகையைப்போல் 15 முதல் 20 மடங்காவது உங்கள் இருவரிடமும் மிச்சம் இருக்க வேண்டும். மூன்றுக்கு 45 முதல் 60 பிக் பிளைண்ட். இருவரில் குறைவாக வைத்திருப்பவரின் சிப்ஸைத்தான் எண்ண வேண்டும். எதிராளியிடம் 25 மட்டும் இருக்கும்போது 4-4ஐ வைத்துக் கால் செய்த வரிகள் உங்கள் நோட்டில் இருந்தால், நஷ்டம் அங்கிருந்துதான் வந்தது.

அறிகுறி: ஏஸ்-ஏஸ் வந்தால் எல்லோரும் ஓடிவிடுகிறார்கள், அல்லது நான் பெரிதாகத் தோற்கிறேன்

இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம். ஏஸ்-ஏஸ் 221 கைக்கு ஒரு முறைதான் வரும். ஒரு முறை ரைஸ் செய்து எல்லோரும் ஃபோல்ட் செய்ததும் மனம் வெறுத்து, அடுத்த முறை லிம்ப் செய்து ஒளிந்துகொள்கிறோம். நான்கு பேர் பின்தொடர்ந்து வருகிறார்கள். ஒருவருக்கு எதிரே ஏஸ்-ஏஸ் 85 சதவீதம் வெல்லும். நான்கு பேருக்கு எதிரே அது ஏறத்தாழ 56 ஆகிறது. யாரிடம் என்ன இருக்கிறது என்று ஒரு தகவலும் இல்லாமல், வெறும் ஒரு ஜோடியை நான்கு பேருக்கு நடுவில் காப்பாற்ற வேண்டிய நிலை.

மற்றக் கைகளோடு எந்த அளவு ரைஸ் செய்கிறீர்களோ அதே அளவை ஏஸ்-ஏஸுக்கும் வையுங்கள். அதிகமாகப் போட்டால் காட்டிக்கொடுக்கும், குறைத்தாலும் காட்டிக்கொடுக்கும். பட்டனில் 29 சதவீதக் கைகளோடு ரைஸ் செய்கிறவர் என்று மேசைக்குத் தெரிந்துவிட்டால், உங்கள் ஏஸ்-ஏஸுக்குத் தானாகவே கால் வரும்.

ஜாக்-ஜாக் வேறு கதை. ஃப்ளாப்பில் ஜாக்கைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழும் வாய்ப்பு 57 சதவீதம். குயின்-குயினுக்கு 41, கிங்-கிங்குக்கு 23. ஜாக்-ஜாக்கை வைத்துக்கொண்டு ஃப்ளாப்பில் கிங்கைக் கண்டதும் அதிர்ச்சி அடைவது, பாதிக்கு மேல் நடக்கப்போகும் ஒன்றுக்கு ஆயத்தமாக இல்லாததைத்தான் காட்டுகிறது. ஃப்ளாப்புக்கு முன்பே ரைஸ் செய்து ஆட்களைக் குறையுங்கள். ஒரே ஒருவர் மிஞ்சினால் அந்தக் கிங் அவரிடம் இல்லாத நேரமே அதிகம்.

கிங்-கிங்கை வைத்துக்கொண்டு "அவரிடம் ஏஸ்-ஏஸ் இருக்குமோ" என்று ஃப்ளாப்புக்கு முன் ஃபோல்ட் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மிச்சமுள்ள 1,225 வழிகளில் ஏஸ்-ஏஸ் 6தான். அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

அறிகுறி: ஏஸ்-கிங் என்னைக் கைவிடுகிறது

கைவிடவில்லை. ஜோடி இல்லாத எந்த இரண்டு சீட்டுக்கும் ஃப்ளாப்பில் ஜோடி அமையும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. ஏஸ்-கிங்கும் அதற்கு விலக்கு இல்லை. அதன் வலிமை ஃப்ளாப்புக்கு முன்புதான் அதிகம். உங்கள் கையில் ஓர் ஏஸும் ஒரு கிங்கும் இருப்பதால் எதிராளிக்கு ஏஸ்-ஏஸ் வரும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகின்றன, கிங்-கிங்கும் அப்படியே. உங்களை நசுக்கக்கூடிய இரண்டு கைகளும் பாதியாகிவிட்டன. மற்ற ஏஸ்களையும் கிங்குகளையும் நீங்கள் அடக்குகிறீர்கள். குயின்-குயினுக்கு எதிரேகூட நூறில் 43 முறை வெல்வீர்கள்.

இதை வெறும் கால் செய்து மறைத்து வைத்தால் அந்த வலிமை வீணாகிறது. ரைஸ் செய்யுங்கள், மறு ரைஸ் செய்யுங்கள். ஃப்ளாப்பில் ஒன்றும் கிடைக்காமல், எதிராளி திரும்பத் திரும்பப் பந்தயம் கட்டினால் விட்டுவிடுங்கள். நோட்டில் ஏஸ்-கிங் நஷ்டங்களைத் தேடினால், வெறும் உயர்ந்த சீட்டை நம்பி டர்ன் வரை கால் செய்த வரிகள் நிறைய அகப்படும்.

அறிகுறி: ஒரே சின்னமாக இருந்தால் விட மனம் வரவில்லை

ஜாக்-நான்கு ஒரே சின்னம். ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) அமையும் வாய்ப்பு 119க்கு 1. ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு குறையாக நிற்கும் வாய்ப்பு 11 சதவீதம். ஒரே சின்னமாக இருப்பது ஒரு கையின் வெற்றி வாய்ப்பில் சேர்ப்பது மூன்று சதவீதப் புள்ளிகள் அளவுதான். நல்ல கையை அது இன்னும் நல்லதாக்கும். ஜாக்-நான்கைத் தூக்கி நிறுத்தாது. ஃப்ளஷ் அமைந்தாலும் மேலே குயின், கிங், ஏஸ் வைத்த ஃப்ளஷ்கள் காத்திருக்கின்றன.

அறிகுறி: வீட்டில் படித்த பட்டியல் மேசையில் மறந்துபோகிறது

பில் சென் என்ற கணித வல்லுநர் தந்த மதிப்பெண் முறையை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சீட்டுக்கு மட்டும் மதிப்பெண்: ஏஸ் 10, கிங் 8, குயின் 7, ஜாக் 6, மற்றவற்றுக்கு அதன் எண்ணில் பாதி. ஜோடியானால் இரட்டிப்பு, குறைந்தது 5. ஒரே சின்னமானால் 2 கூட்டுங்கள். இரண்டு சீட்டுக்கும் நடுவே ஒரு சீட்டு விடுபட்டிருந்தால் 1, இரண்டானால் 2, மூன்றானால் 4, நான்கும் அதற்கு மேலுமானால் 5 கழியுங்கள். இடைவெளி ஒன்றோ அதற்குக் குறைவோ இருந்து, இரண்டும் குயினைவிடச் சிறியதானால் 1 கூட்டுங்கள். அரை மதிப்பெண் வந்தால் மேலே முழுமையாக்குங்கள்.

ஒரே சின்ன ஏஸ்-கிங் 12. ஒரே சின்ன 8-7க்கு 7. வெவ்வேறு சின்ன ஏஸ்-ஒன்பதுக்கு 5. ஒரே சின்ன ஜாக்-நான்குக்கு 3. எனக்கு 43 பிக் பிளைண்ட் செலவு வைத்த அந்தக் கை, 8-7க்குக் கீழே இருப்பதைக் கவனியுங்கள். இந்த முறைக்கு இருக்கை தெரியாது, முன்னால் ரைஸ் வந்ததா என்பதும் தெரியாது. அந்த இரண்டையும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

அறிகுறி: பிக் பிளைண்ட் இருக்கையில்தான் நஷ்டம் முழுவதும்

இந்த இருக்கையில் எல்லோருக்குமே நஷ்டம்தான். சீட்டைப் பார்க்குமுன்பே சிப்ஸ் போட்டுவிடுகிறோம். எவ்வளவு குறைவாக இழக்கிறோம் என்பதே இங்கே அளவுகோல். எல்லாக் கையையும் ஃபோல்ட் செய்தால் 100 கைக்கு 100 பிக் பிளைண்ட் போகும். நோட்டில் உங்கள் எண் அதைவிட மோசமாக இருந்தால் தேவைக்கு மேல் காப்பாற்றப் பார்க்கிறீர்கள்.

ஒருவர் இரண்டரைக்கு ரைஸ் செய்து மற்றவர்கள் விட்டால், குவியலில் 4 இருக்கிறது. நீங்கள் சேர்க்க வேண்டியது 1.5. மொத்தம் 5.5 ஆகும் குவியலில் உங்கள் பங்கு 27 சதவீதம் இருந்தால் போதும் என்று கணக்குச் சொல்லும். ரைஸ் மூன்றானால் 31, நான்கானால் 35. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 9-4 போன்ற கைக்கும் தாளில் 27 சதவீதத்துக்கு மேல் காட்டலாம். ஆனால் ஃப்ளாப்புக்குப் பிறகு அவருக்கு முன்னால் முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள். பந்தயம் வந்ததும் பாதி வழியில் விட்டுவிடும் கைக்கு அந்தப் பங்கு முழுதாகக் கைக்கு வராது. பட்டனின் சிறிய ரைஸுக்கு எதிரே தாராளமாக இருங்கள். ஒரே சின்னக் கைகளையும் அடுத்தடுத்த சீட்டுகளையும் வைத்துக் கால் செய்யுங்கள். முதல் இருக்கை ரைஸுக்கு எதிரே கையை இறுக்குங்கள்.

ஸ்மால் பிளைண்டில் தள்ளுபடி இன்னும் குறைவு. பின்னால் பிக் பிளைண்ட் வேறு காத்திருக்கிறார். அங்கிருந்து மறு ரைஸ் அல்லது ஃபோல்ட் என்பதே என் வழக்கம்.

அறிகுறி: போட்டியில் சிப்ஸ் பத்து பிக் பிளைண்டுக்குக் கீழே போனதும் தடுமாற்றம்

இந்த நிலையில் கால் என்ற சொல்லை மறந்துவிடுங்கள். முதலில் நுழைபவர் நீங்களானால் எல்லாவற்றையும் தள்ளுவது, இல்லையேல் ஃபோல்ட். ஐந்து பொதுச் சீட்டையும் பார்க்கப்போவதால் ஜோடிகளுக்கும் ஏஸுக்கும் விலை ஏறும். பின்னால் வெல்லச் சிப்ஸ் இல்லாததால் சிறிய அடுத்தடுத்த சீட்டுகளுக்கு விலை இறங்கும்.

அறிகுறி: ஃபோல்ட் செய்த கை ஜெயித்திருக்கும் என்று தெரிந்ததும் அடுத்த கையில் மனம் தடம் மாறுகிறது

டாய்ல் பிரன்சன் 1976இலும் 1977இலும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றார். இரண்டு ஆண்டுகளிலும் அவருடைய கடைசிக் கை 10-2. அந்தக் கைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதைக் கேட்டுவிட்டு ஒன்பது பேர் மேசையில் 10-2ஐ ஆடுகிறவர்கள், அவை இருவர் மட்டும் மிஞ்சிய மேசையில் ஆடிய கைகள் என்பதைக் கவனிப்பதில்லை. அங்கே ஒவ்வொரு கையிலும் பிளைண்ட் போட வேண்டும். காத்திருக்க நேரமே கிடையாது.

ஃபோல்ட் செய்த கையோடு பொதுச் சீட்டுகளைப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் மெல்ல மெல்லப் பட்டியலை அரிக்கும். இரண்டு முறை ஜாக்-நான்குக்கு ஃப்ளஷ் விழுந்ததைப் பார்த்தவர் மூன்றாம் முறை ஆடுவார். இதற்கு நான் கண்ட மருந்து, முடிவையும் அதன் காரணத்தையும் ஃப்ளாப் விழுமுன்பே எழுதிவிடுவது. பிறகு என்ன விழுந்தாலும் அந்த வரியைத் தொடுவதில்லை. சென்ற வாரம் மேசையில் ஏழு, ஏழு, இரண்டு என்று ஃப்ளாப் விழுந்தது. என் நோட்டில் அதற்கு முன்பே எழுதியிருந்தது இதுதான்: முதல் இருக்கை, 7-2, பின்னால் எட்டுப் பேர், ஃபோல்ட், சரி.